சபாநாயகரின் ஒரே ஓட்டு

நான் அரசியல் அறிவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று, அப்பா கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பேப்பர் படிக்கதுக்கு ஒரு டிகிரியாட்டி?" என்றார்.

"பேப்பர்ல இருக்கது புரியதுக்குப்பா" என்றேன்.

உண்மையில் நான் ஆசைப்பட்டது ஆங்கில இலக்கியம். அதற்கான இடங்கள் தீர்ந்துவிட்டன. சேர்க்கை அறையில் இருந்தவர் பொலிடிகல் சயன்ஸ் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். தலையாட்டினேன். பேருந்து பிடித்து வீட்டுக்கு வருவதற்குள், அதைத்தான் வேண்டும் வேண்டும் என்று கேட்டு வாங்கியதாக எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. பதினெட்டு வயதில் அந்தத் திறமை என்னிடம் நிறைய இருந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ஊர் அப்போது இன்னும் கல்கத்தாதான். அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரி. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி, நான் பிளஸ் டூ முடித்த கோடையில் எங்களை அழைத்துக்கொண்டு இங்கே வந்தார். லேக் கார்டன்ஸில் இரண்டாம் மாடியில் வீடு. கீழ்வீட்டு வங்காளி அம்மாவை மாஷிமா என்று கூப்பிட அம்மா ஒரே வாரத்தில் பழகிக்கொண்டாள். எனக்குத்தான் மொழி வரவில்லை. கல்லூரியில் சேரும்போது எனக்குத் தெரிந்த வங்காளம் காய்கறிக் கடையோடு முடிந்துபோனது.

முதல் வாரம் வகுப்பில் எங்கள் பேராசிரியை இந்திய அரசமைப்பைப் பாதி ஆங்கிலத்திலும் பாதி வங்காளத்திலும் நடத்தினார். ஆங்கிலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் "லோக் ஷோபா", "லோக் ஷோபா" என்று வந்தது. யாரோ ஷோபா என்ற பெண்ணைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு அதிகாரங்கள் எப்படி வந்தன என்பதுதான் விளங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் கிசுகிசுப்பாகக் கேட்டேன். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு என் ஏட்டை இழுத்து, ஆங்கிலத்தில் 'லோக்சபா' என்று எழுதிக் காட்டினாள்.

அப்படித்தான் அவள் எனக்குத் தோழியானாள். பெஹாலாவிலிருந்து வருகிறவள். அவள் அப்பா வக்கீல். அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக எல்லோருக்கும் கட்சி உண்டு, யாருக்கும் ஒரே கட்சி இல்லை. சாப்பாட்டு மேசையில் சண்டை போட்டே வளர்ந்ததால் அவளுக்குக் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாது. எனக்கு வேகமாகக் குறிப்பெடுக்க வரும். என் குறிப்புகள் அவளுக்கு, அவளுடைய வங்காளம் எனக்கு என்று எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று உண்டாயிற்று. நாங்கள் பேசியது வங்காளமும் ஆங்கிலமும் கலந்த ஒன்று. இங்கே அதைத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

பாடம் என்னைப் பிடித்துக்கொள்ள ஒரு பருவம்கூட ஆகவில்லை. மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப்பட்டியல் என்று அதிகாரங்களைப் பிரித்துவைத்திருக்கும் அத்தியாயம் வந்தபோது, தெருவே எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. தபால் பெட்டி மத்திய அரசு. மூலையில் நிற்கும் போலீஸ்காரர் மாநிலம். அவர் காலடியில் அடைத்துக் கிடக்கும் சாக்கடை மாநகராட்சி. அதுவரை ஒரே கூட்டமாக, 'கவர்மென்ட்' என்று ஒரே பெயரில் இருந்ததெல்லாம் தனித்தனியாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் இருப்பது புலப்பட்டது. அப்பா காலையில் செய்தித்தாளைப் பார்த்து ஏதாவது அலுத்துக்கொண்டால் நான் உடனே திருத்துவேன்.

"அது டெல்லி வேலை இல்லப்பா. மாநிலப் பட்டியல்."

"சரிட்டி. இந்தச் சாம்பார்ல உப்பு இல்ல. அது எந்தப் பட்டியல்?"

அம்மா அடுக்களையிலிருந்தே சொல்வாள்: "பொதுப்பட்டியல். ரெண்டு பேரும் வந்து போட்டுக்கிடுங்க."

அந்த வருடங்களில் பாடப்புத்தகத்தைத் தனியாகப் படிக்க வேண்டியதே இல்லை. யாருக்கும் பெரும்பான்மை இல்லாத மக்களவைகள், கூட்டணிகள், நம்பிக்கை வாக்கெடுப்புகள் எல்லாவற்றையும் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். அம்மா அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, கீரை ஆய்ந்தபடியே பார்ப்பாள். உறுப்பினர்களின் பேச்சில் அவளுக்கு அக்கறை இல்லை. சபாநாயகரைத்தான் பார்ப்பாள்.

"பாவம், எத்தன தடவ உக்காருங்க உக்காருங்கன்னு சொல்லுதாரு. ஒருத்தனாவது கேக்கானா பாரு."

முதலாண்டின் குளிர்காலத்துக்குக் கொஞ்சம் முன்பு வெங்காய விலை ஏறியது. ஏறியது என்றால் சாதாரணமாக இல்லை, நாடு முழுக்க அதுதான் பேச்சு. லேக் மார்க்கெட்டில் தேடிப் போய்ச் சின்ன வெங்காயம் வாங்கும் வழக்கத்தை அம்மா அந்த மாதங்களில் விட்டுவிட்டாள். அதனால்தான், எங்கள் துறையில் முதலாண்டு மாணவர்கள் மாதிரி நாடாளுமன்றம் நடத்த வேண்டும் என்று முடிவானபோது, எதைப் பற்றி விவாதம் என்று யாரும் யோசிக்கவே இல்லை. வெங்காய விலையைக் கட்டுப்படுத்தத் தவறிய அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. எங்கள் கல்லூரியில் இரண்டு மாணவர் அணிகள். ஒன்று மாணவர் சங்கத்தைக் கையில் வைத்திருந்தது. மற்றது அதைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சங்கத்து அணிப் பையன்களும் பெண்களும் ஆளும் கட்சி வரிசையில் உட்காருவது என்றும், மற்றவர்கள் எதிர்க்கட்சி என்றும் எளிதாக முடிந்துவிட்டது. சங்கத்தில் பெரிய கையாக இருந்த, தாடி வைத்த உயரமான வகுப்புத் தோழன் பிரதமர். என் பெஹாலாத் தோழி எதிர்க்கட்சித் தலைவர். எந்த அணியிலும் சேராத விடுதிப் பெண்கள் நால்வர் ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சி. ஆனால் சபாநாயகராக யாரை வைப்பது?

பேராசிரியை ஒரு பெயர் சொன்னால் இந்தப் பக்கம் எழுந்து ஆட்சேபித்தது. இன்னொன்று சொன்னால் அந்தப் பக்கம். அவன் அண்ணன் அவர்கள் ஆள், இவள் போன மாதம் இவர்கள் ஊர்வலத்தில் போனாள். அரை மணி நேரம் இதே கதை. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான்:

"அந்த மத்ராஜிப் பொண்ணை வைங்க. அவளுக்குத்தான் இங்க எந்தப் பக்கமும் கிடையாது."

மத்ராஜி என்றால் மதராசி. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இரண்டு அணிகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றுதான் முதல் முறை. எனக்குச் சுருக்கென்றது. என்னை அவர்கள் நம்பவில்லை, என்னை எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை. அதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். எழுந்து நின்றேன்.

"எனக்குப் பக்கம் இருக்கு. வெங்காயம் எங்க வீட்லயும் வாங்கறோம். ஆனா அந்த நாற்காலியில உக்காந்தா என் பக்கத்தை வெளியே வச்சுட்டு வரணும்ங்கிறது எனக்குத் தெரியும். அது உங்களுக்குச் சரின்னா நான் உக்காரறேன்."

நான் பேசியது தப்பும் தவறுமான வங்காளம். ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியை கரும்பலகையில் என் பெயரை எழுதினார்.

அடுத்த மூன்று வாரங்கள் நான் நூலகத்திலேயே கிடந்தேன். மக்களவை விதிகள் பற்றி அங்கே இருந்த தடிப்புத்தகத்தை யாரும் அதுவரை தொட்டதாகத் தெரியவில்லை. அதைத் திறந்தால், நான் நினைத்ததுபோல் அது வறட்சியாக இல்லை. பேசுகிறவர் யாரைப் பார்த்துப் பேச வேண்டும், எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது, அவைக்குள் எதைக் கொண்டுவரக் கூடாது என்று ஒவ்வொன்றும், எங்கோ எப்போதோ நடந்த ஒரு சண்டையைத் தீர்க்க எழுதப்பட்டதாகவே தோன்றியது. சபாநாயகர் எழுந்து நின்றால் மற்ற எல்லோரும் உட்கார வேண்டும் என்ற விதியைப் படித்தபோது எனக்குக் குஷியாகிவிட்டது. கத்தத் தேவையில்லை, நின்றால் போதும்.

வங்காளம் மட்டும்தான் பயமுறுத்தியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெஹாலாவுக்குப் போய்த் தோழி வீட்டு மாடியில் பழகினேன். "மாண்புமிகு உறுப்பினர்" என்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல் என் நாக்கில் நுழையவே இல்லை. அவள் அம்மா லூச்சி என்ற மைதா பூரியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சொல்லும் அழகைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு போவார்.

"உக்காருங்கன்னு சொல்லு" என்பாள் தோழி.

"போஷோ."

"ஐயோ, அது நீ தம்பிகிட்டச் சொல்றது. மரியாதையாச் சொல்லணும். போஷுன்."

வங்காளத்தில் ஆளைக் கூப்பிட மூன்று படி உண்டு. மிக நெருங்கியவர்களுக்கு ஒன்று, தெரிந்தவர்களுக்கு ஒன்று, மரியாதைக்குரியவர்களுக்கு ஒன்று. நாங்கள் வகுப்பில் எல்லோரும் முதல் படியில்தான் பேசிக்கொள்வோம். அதில் இருந்துகொண்டு ஒருவரை அடக்கி உட்காரவைக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அடுத்த ஒத்திகையில் நாற்காலியில் ஏறியதும் எல்லோரையும் மூன்றாம் படியில் விளித்தேன். பிரதமரை, கொறடாவை, என் தோழியையும்கூட. முதலில் ஒரே சிரிப்பு. பத்து நிமிடம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர்களும் என்னிடம் அப்படியே பேசத் தொடங்கினார்கள். என்னைப் பின்வரிசையிலிருந்து மத்ராஜி என்றவன், "மதிப்புக்குரிய சபாநாயகர் அவர்களே" என்று ஆரம்பித்தபோது, அவனுக்கு அதிகமாக ஒரு நிமிடம் கொடுக்கலாமா என்று ஆசை வந்தது. கொடுக்கவில்லை.

நிகழ்ச்சி நடந்த அன்று குளிர். கல்லூரிக் கூடம் நிறைந்திருந்தது. முதல்வர், வேறு கல்லூரியிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள், பின்னால் கம்பளிக் குல்லாக்களும் சால்வைகளுமாக மற்ற வகுப்பு மாணவர்கள். அவர்களுக்குப் பார்வையாளர் மாடம் என்று பெயர் வைத்திருந்தோம். அம்மாவின் மாம்பழ நிறப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு நான் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யார் எத்தனை நிமிடம் பேசுவது, இறுதியில் ஆளும் தரப்பு நான்கு ஓட்டு வித்தியாசத்தில் வெல்வது எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதான்.

தோழி தீர்மானத்தை முன்மொழிந்தாள். எடுத்த எடுப்பில் தோள்பையிலிருந்து ஒரு பெரிய வெங்காயத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். கூடம் கைதட்டியது. இது ஒத்திகையில் இல்லாத ஒன்று.

"எதிர்க்கட்சித் தலைவர் அவர்கள் அவைக்குள் பொருட்களைக் காட்சிக்கு வைக்கக் கூடாது. அதை எடுத்துவிடுங்கள்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வெங்காயத்தை இரண்டு விரலால் தூக்கி, கடைசி வரிசைக்காரர்களும் பார்க்கும்படி மிக மெதுவாகப் பைக்குள் இறக்கினாள். விதியை மீறாமலேயே வேண்டியதைச் சாதித்துக்கொண்டாள். எனக்கே அவளை மெச்சத் தோன்றியது.

அவள் அன்று பேசிய பேச்சு எழுதிவைத்ததை எல்லாம் தாண்டிப் போய்விட்டது. பதுக்கலைப் பற்றியும் ஏற்றுமதியைப் பற்றியும் எல்லோரும் எதிர்பார்த்ததைச் சொல்லிவிட்டு, திடீரென்று விடுதிச் சாப்பாட்டுக்கு வந்தாள். எங்கள் கல்லூரி விடுதியில் ஒரு மாதமாக முட்டைக் குழம்பில் வெங்காயமே இல்லை, கட்டணம் மட்டும் குறையவில்லை, இதைக் கேட்டால் மேலே கேளுங்கள் என்கிறார்கள், மேலே என்பது எது என்று கேட்டாள். கூட்டணிக் கட்சியாக உட்கார்ந்திருந்த விடுதிப் பெண்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் நாற்காலியிலிருந்து பார்த்தேன்.

பிரதமர் பதில் சொல்ல எழுந்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மழை பொய்த்ததை, வரத்துக் குறைந்ததை அழகாகச் சொன்னார். ஆனால் பின்னால் பார்வையாளர்களில் இருந்த மற்ற அணி ஆட்கள் குரல் எழுப்பத் தொடங்கினார்கள். உடனே சங்கத்துப் பையன்கள் எதிர்க்கோஷம் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அது வெங்காயமும் இல்லை, நாடாளுமன்றமும் இல்லை, நிஜமான மாணவர் தேர்தல். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அமைதி, அமைதி என்று இரண்டு தடவை சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எழுந்து நின்றேன். ஒன்றும் பேசவில்லை.

முதலில் பிரதமர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்து எதிர்க்கட்சித் தலைவர் உட்கார்ந்தார். பிறகு வரிசை வரிசையாக எல்லா உறுப்பினர்களும் உட்கார்ந்தார்கள். கத்திக்கொண்டிருந்தவர்களுக்கு, தாங்கள் யாருக்காகக் கத்துகிறோமோ அவர்களே கைகட்டி உட்கார்ந்திருப்பது தெரிந்ததும் சுருதி இறங்கியது. கடைசி ஆள் வாயை மூடும்வரை நின்றேன். பிறகு, "பிரதமர் அவர்கள் தொடரலாம்" என்று சொல்லி அமர்ந்தேன். 

வாக்கெடுப்பு வந்தது. குரல் வாக்கில் இரண்டு பக்கமும் ஒரே அளவு சத்தம். எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினோம். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் எழுந்தபோது, பேசி வைத்ததற்கு மாறாக, விடுதிப் பெண்கள் நால்வரில் இருவர் எழுந்துவிட்டார்கள். கூடம் 'ஹோ' என்றது.

பிரதமர் துள்ளி எழுந்தார். "ஒழுங்குப் பிரச்சினை! கட்சித் தாவல் தடைச் சட்டப்படி இவங்க ஓட்டு செல்லாது!"

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் விடை தெரியும். அதுதான் படித்ததன் சுகம். "அவர்கள் உங்கள் கட்சி உறுப்பினர்கள் இல்லை, கூட்டணிக் கட்சி. உங்கள் கொறடாவின் உத்தரவு அவர்களைக் கட்டுப்படுத்தாது. தங்கள் கட்சியை அவர்கள் மீறியிருந்தாலும் பதவியைப் பற்றிய விசாரணை பிறகுதான். இன்று போட்ட ஓட்டு ஓட்டுதான். அமருங்கள்."

எதிர்க்கட்சி மேசையைத் தட்டியது. என் தோழியின் முகத்தில் வெற்றிக் களை. எண்ணி முடித்த மாணவி என்னிடம் வந்து காதோரம் சொன்னாள். இன்னொரு முறை எண்ணச் சொன்னேன். அதே கணக்குதான். ஆதரவு பதினேழு, எதிர்ப்பு பதினேழு.

சமமாக வந்தால் மட்டும் சபாநாயகருக்கு ஓட்டு உண்டு. அதை நான் அறிவித்ததும் அந்தப் பெரிய கூடத்தில் மின்விசிறி ஓடியிருந்தால் அதன் சத்தம் கேட்டிருக்கும். தோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு மாடியில் நான் தின்ற லூச்சிகள் எனக்கு நினைவு வந்தன. நான் தோழிக்கே போடுவேன் என்றுதான் பிரதமர் தரப்பிலும் நினைத்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். தீர்மானம் எனக்குச் சரியாகத்தான் பட்டது. நான் சாதாரண உறுப்பினராக உட்கார்ந்திருந்தால் தோழியோடு எழுந்திருப்பேன்.

"ஓர் அரசு போக வேண்டும் என்று சொல்ல இந்த அவையில் பெரும்பான்மை வேண்டும்" என்றேன். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். "அந்தப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அவையால் எடுக்க முடியாத முடிவை நான் ஒருத்தி எடுத்துவிடக் கூடாது. அதனால் இருப்பது இருக்கட்டும் என்று வாக்களிக்கிறேன். ஆனால் பாதி அவை எழுந்து நின்றதைப் பிரதமர் அவர்கள் மறக்க வேண்டாம். தீர்மானம் தோற்றது."

ஆளும் தரப்பு ஆர்ப்பரித்தது. வெளியே வந்ததும், சற்று முன் கட்சித் தாவல் தீர்ப்புக்காக என்னை முறைத்த சங்கத்துப் பையன்கள் தேநீர் வாங்கிக் கொடுக்க வந்தார்கள். வேண்டாம் என்றேன். தோழி கல்லூரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் சொன்னது சரின்னு உனக்குத் தோணலையா?" என்றாள்.

"தோணிச்சு."

"அப்புறம் ஏன்? பயந்துட்டியா?"

"பயந்திருந்தா உனக்குத்தான் போட்டிருப்பேன். உன்னைப் பகைச்சுக்கறதைவிட அவங்களைப் பகைச்சுக்கறது எனக்குச் சுலபம்."

"மனசுல ஒண்ணு, கையில ஒண்ணு. அதுக்கு எங்க மொழியில என்ன பேர் தெரியுமா?" என்றாள்.

தெரியாது, அவள் சொல்லவும் இல்லை. பெஹாலா பேருந்தில் ஏறிப் போய்விட்டாள். வகுப்பில் மறுநாளிலிருந்து வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். என் குறிப்புகளைக் கேட்கவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் ஒரு நிமிடம்கூட ஓட்டை மாற்றிப் போட்டிருக்கலாம் என்று தோன்றவில்லை. இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும் என்பதை அந்த வாரங்களில் கற்றுக்கொண்டேன். நடந்ததை வீட்டில் சொன்னபோது அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு, "அந்த ரூல் எங்கட்டி இருக்கு? காட்டு பாப்போம்" என்றார். புத்தகத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தோடு நிறுத்தாமல் அத்தியாயம் முழுவதையும் படித்தார்.

சரஸ்வதி பூஜை வந்தது. அன்று கல்கத்தாவில் மாணவர்கள் பாடப்புத்தகங்களை எல்லாம் தேவியின் காலடியில் வைத்துவிட வேண்டும், தொடக் கூடாது. பெண்கள் மஞ்சள் புடவை கட்டுவார்கள். மதியம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் தோழி, மஞ்சள் புடவையில், கையில் பிரசாதப் பொட்டலத்தோடு.

"படிச்சுப் பாத்தேன்" என்றாள், உள்ளே வராமலே. "எங்க அப்பாகிட்டயும் கேட்டேன். நீ செஞ்சது வழக்கப்படி சரிதான். ஆனா எனக்கு அந்த வழக்கம் பிடிக்கலை. இருக்கறதே இருக்கட்டும்னா, எப்பவுமே இருக்கறவங்களுக்குத்தானே லாபம்?"

"அதுக்குத்தான் இன்னொரு ஓட்டு சேத்துக்கணும். பதினெட்டு."

"அந்த ரெண்டு பேரைக் கொண்டுவரவே எனக்கு உயிர் போச்சு."

அன்று மாலைவரை கூடத்தில் உட்கார்ந்து அதையே விவாதித்தோம். புத்தகத்தைத் தொடக் கூடாத நாள் என்பதால் இருவருக்கும் ஞாபகத்தில் இருந்ததுதான் ஆதாரம். அம்மா அடை வார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். தோழி நான்கு சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது என் குறிப்பேட்டைக் கேட்டாள். பூஜையில் இருக்கிறது, நாளைக்குத்தான் என்றேன்.

கோடை தொடங்கியபோது டெல்லியில் நிஜமாகவே நடந்தது. கூட்டணிக் கட்சி ஒன்று விலக, மத்திய அரசு நம்பிக்கை வாக்குக் கோரி, ஒரே ஓட்டில் தோற்றது. அந்த வாக்கெடுப்பைப் பார்க்கத் தோழி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பலகையில் எண்கள் ஒளிர்ந்தபோது அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அன்று சனிக்கிழமை, அப்பாவும் வீட்டில் இருந்தார். இனி என்ன நடக்கும், யார் யாரை அழைப்பார்கள் என்று எங்கள் இருவரிடமும் மாற்றி மாற்றிக் கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். பாதி விஷயங்களில் ஒத்துப்போகவில்லை. இருவர் சொல்வதையும் அவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

இரண்டாம் ஆண்டு முடியும் சமயத்தில் அப்பாவுக்கு மறுபடி மாற்றல் வந்தது, இந்த முறை மதுரைக்கு. அங்கே கல்லூரியில் இடம் வாங்கிவிடலாம் என்று ஏற்பாடு நடந்தது. ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன்.

"நான் இங்கயே முடிக்கேன்ப்பா. விடுதியில சேந்துக்கிடுதேன்."

"தனியாவா?"

"தனியா எங்க? வகுப்பே இருக்கு. பெஹாலாவுல ஒரு வீடு இருக்கு. பாஷையும் வந்துட்டு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அவ முடிவு பண்ணிட்டுத்தான் சொல்லுதா. உங்களுக்குத் தகவல்" என்றாள். அப்பா சிரித்துவிட்டார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

ஹௌராவில் அவர்களை ரயிலேற்றிவிட்டு வெளியே வந்தபோது நல்ல மழை. ஆற்றைக் கடக்கும் படகுத்துறைக்குப் போகாமல் பேருந்தில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மறுநாள் காலை ஆளுநரின் அதிகாரங்கள் பற்றி நான் வகுப்பில் பேச வேண்டியிருந்தது. தோழி எதிர்த்துப் பேசுவதாக ஏற்பாடு. அவள் எந்த இடத்தில் என்னைப் பிடிப்பாள் என்று யோசித்தேன். நடத்துனர் வந்து எங்கே என்று கேட்டார். சொன்னேன். சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "தீதி, கால்கிட்டத் தண்ணி வருது, பையை மேல வைங்க" என்றார். பையை மடியில் வைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பிரித்தேன்.